இரும்பு இளைத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை திரும்பிவிடும். முன்பு மரச்சாமான் விற்ற கட்டடம் அது. கட்டிலும் பீரோவும் காலியான பிறகு அங்கே மனவுறுதி விற்பனைக்கு வந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே மனவுறுதிதான். அதை விற்றவருக்கு உறுதியார் என்று பெயர். அது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. அந்த நிஜப் பெயரைச் சொன்னால் கடன் கொடுத்தவர்கள் தேடி வந்துவிடுவார்கள் என்று பின்னால் தெரிந்தது.

வரிசையில் நாற்பத்தைந்துக்குக் கீழே ஒரு முகம் இருக்காது. எல்லோருக்கும் முன்னால் தொந்தி, கக்கத்தில் ஃபைல். ஃபைலுக்குள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அளவாகச் சாப்பிடு, தினமும் நட, ஆறு மாசம் கழித்து வா என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆறு மாசம்! ஆறு நாள் வாயைக் கட்ட முடியாத ஜென்மங்களிடம் ஆறு மாசம் கேட்டால் அந்த டாக்டர் நல்லவரா, நீங்களே சொல்லுங்கள்.

வாசலில் பெரிய பேனர். "நாற்பதுக்கு மேல் நழுவும் உறுதியை ஒரே வாரத்தில் பிடித்துத் தருகிறோம்." அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில், "உறுதியார் சொல் கேட்டால் இரும்பும் இளைக்கும்." இந்த இரண்டாவது வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்க எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, வரிசையில் பதினேழாவது ஆள் நான். பதினெட்டாவது ஆள் என் அக்கா.

நான் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் குமாஸ்தா. இருபத்தாறு வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே தராசு. "வீட்ல போட்டுப் பாத்தேன், ஒம்பது கிலோதான் இருந்துச்சு" என்று ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கத்துவார். நான் வாயைத் திறக்க மாட்டேன். விரலை நீட்டி முள்ளைக் காட்டுவேன். பத்தரை. அவ்வளவுதான், அடங்கிப்போவார். என் அக்கா அதே அலுவலகத்தில் அரக்கு உருக்கிச் சீல் வைக்கிறாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று, எனக்கு ஐம்பது. அவள் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை உண்டு. முள் காட்டினால் காட்டினதுதான்.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஒரு விதியும் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், தராசில் எதுவும் இல்லாதபோது முள் ஜீரோவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இருபது கிலோ இரும்பு எடைக்கல்லை ஏற்றி, முள் இருபதில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் முதல் பார்சல். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும் ஜீரோ பார்த்திருக்கிறேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்டுவதற்கு உதவும்.

அலுவலகத்துக்கு வந்த மருத்துவ முகாமில்தான் ஆரம்பித்தது வினை. அக்காவுக்கும் எனக்கும் சர்க்கரை என்றார் டாக்டரம்மா. அக்காவுக்கு மாத்திரை, எனக்கு எச்சரிக்கை, இரண்டு பேருக்கும் ஒரே காகிதம். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறோ ரொட்டியோ, கால் தட்டு பருப்போ முட்டையோ. இனிப்பு கிடையாது. அரை மணி நேரம் நடை. "பெருசா ஒண்ணுமில்ல, விடாம செய்யணும், அவ்வளவுதான்" என்றார். அந்த அவ்வளவுதானில்தான் எங்கள் உயிரே போனது.

ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினோம். முதல் வாரம் நான் ஒரு மகான். வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே அடுத்தவன் தட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். பதினோராவது நாள் மேலாளருக்குப் பிறந்தநாள். கேக்கை ஒரு வாய் மட்டும் என்று எடுத்தேன். பிறகு டப்பாவைக் கழுவி வைத்தது நான்தான், ஏனென்றால் காலியாக்கியது நான்தான். அக்கா பதிமூன்றாம் நாள் கிரீம் பன்னில் விழுந்தாள். கெட்டதுதான் கெட்டது, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அன்று செவ்வாய்க்கிழமை.

இருபது வயதில் ஒரு வாரம் வாயைக் கட்டினால் இடுப்பு தெரியும். ஐம்பதில் ஒரு மாசம் கட்டினாலும் கண்ணாடி கண்டுகொள்ளாது. எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். அந்த எதற்கு என்ற கேள்வி வருகிற நேரம் பார்த்து ஒருவன் கடை விரித்தான் என்றால் அவன் பிழைக்கத் தெரிந்தவன். எனக்கு உறுதியாரின் விளம்பரத் துண்டுச்சீட்டு கிடைத்தது. அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். நான்தான். இதை எத்தனை தடவை எழுதினாலும் ஆறப்போவதில்லை.

உள்ளே நுழைய ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். நுழைவது சுமை வாசல். வெளியேறுவது லேசு வாசல். இரண்டிலும் ஆளுயர முள் தராசு. இரண்டின் முகத்தையும் சிவப்புப் பட்டுத்துணி மூடியிருக்கும். நீங்கள் ஏறி நின்ற பிறகுதான் துணியைத் தூக்குவார்கள். இறங்குவதற்கு முன்னால் மூடிவிடுவார்கள். வெறும் தராசைப் பார்த்தால் ஆசை அதில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். நான், இருபத்தாறு வருஷம் தராசோடு குடித்தனம் நடத்தியவன், பயபக்தியோடு தலையாட்டினேன்.

நுழையும்போது எடையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பாள் சுமை வாசல் அம்மா. பிறகு உறுதியார் பேசுவார். ஒன்றரை மணி நேரம். ஆள் ஒல்லி. அதுதான் அவருடைய முதலீடு.

"உங்க மேல தப்பே இல்ல!" என்பதுதான் முதல் வாக்கியம். அங்கேயே பாதிப் பேர் கண் கலங்கிவிடுவார்கள். வீட்டில் மனைவி, ஆஸ்பத்திரியில் டாக்டர், பேண்ட் தைக்கிற டெய்லர் வரை எல்லோரும் உன் தப்பு என்று சொல்லும்போது ஒரு மனிதன் இப்படிச் சொன்னால் சொத்தையே எழுதி வைக்கத் தோன்றாதா?

"பிடரியில ஒரு ஆசை நரம்பு இருக்கு. நாப்பது வயசுல அது கனக்க ஆரம்பிக்கும். நீங்க சுமக்கிறது கொழுப்பு இல்ல, ஆசை! நான் தொட்டா அது இறங்கும். வெளிய போனா உலகம் திரும்ப ஏத்தும். அதனாலதான் வாராவாரம் வரணும். மாத்திரை சாப்பிடறவங்க கையத் தூக்குங்க. பயப்படாதீங்க. மாத்திரைங்கறது உறுதி இல்லாதவங்களோட ஊன்றுகோல். நடக்கத் தெரிஞ்சவனுக்கு ஊன்றுகோல் எதுக்கு?"

அக்கா தூக்கிய கையை மெல்ல இறக்கினாள்.

பேச்சு முடிந்ததும் வரிசையாகப் பிடரியை நீட்டுவோம். இரண்டு விரலால் அழுத்துவார். அப்புறம் உறுதி உருண்டை. ஒரு டப்பாவில் நூறு. பசியோ ஆசையோ வந்தால் ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொள்ள வேண்டும்.

"ஐயா, இனிக்குதே?" என்று முதல் நாளே கேட்டாள் அக்கா.

"அது உறுதியோட ருசிம்மா" என்றார் அவர்.

உருண்டை வேலை செய்தது, அதை மறுக்க மாட்டேன். வாயில் போட்டால் இனிப்பு சாப்பிடும் ஆசை பறந்துவிடும். இனிப்பு சாப்பிட்ட பிறகு இனிப்பு ஆசை எங்கே இருக்கும்!

கடைசியில் லேசு வாசல். தராசில் ஏறினால் துணி தூக்குவார்கள். எண்பத்தொன்பதாக நுழைந்தவன் எண்பத்தேழாக வெளியே வந்தேன். அக்காவும் இரண்டு கிலோ. பின்னால் வந்த நூற்றிருபது கிலோ லாரி முதலாளியும் இரண்டு கிலோ. அவருக்குப் பின்னால் வந்த ஒல்லி டீச்சரும் இரண்டு கிலோ. உறுதியார் பாரபட்சம் பார்க்காதவர். நுழைந்தபோது கொடுத்த சீட்டைக் கிழித்து ஒரு பானையில் போட்டுவிட வேண்டும். பழைய எடையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. குறைந்த கணக்கை மட்டும் ஓர் அட்டையில் எழுதித் தருவார்கள். இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஏறிக்கொண்டே போனது அட்டை.

பதினேழு வாரத்தில் என் அட்டையில் முப்பத்து நாலு கிலோ. ஒரு மனிதன் முப்பத்து நாலு கிலோ குறைந்தால் கொண்டாட மாட்டானா? கொண்டாடினேன். ஞாயிறு மதியம் கேக், திங்கள் பன், செவ்வாய் நேற்றைய மிச்சம். எப்படியும் அடுத்த ஞாயிறு இறங்கிவிடப் போகிறது.

"முப்பத்து நாலு கிலோ குறைஞ்ச மனுசன் எதுக்கு மறுபடி பேண்ட் பட்டனப் பிச்சுட்டு வந்து நிக்கறீங்க?" என்று கேட்டாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"அது உலகம் ஏத்துற எடை. உனக்குப் புரியாது."

"உலகம் ஏத்துச்சோ பேக்கரி ஏத்துச்சோ, நூல் தீந்துபோச்சு. இனிமே ஊக்கு குத்திக்கோங்க."

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

அக்காவின் வலது கால் சுண்டு விரலில் ஒரு கொப்புளம். செருப்புக் கடி என்றாள். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். நாலாவது வாரம் அரக்கு வாசனையையும் மீறி ஒரு வாடை. காலைக் காட்டு என்றேன். காட்டவில்லை. மேசைக்கு அடியில் அவள் சீல் முத்திரையைத் தேடிக் குனிந்தபோது நானே பார்த்தேன். விரல் கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, டாக்டர்கிட்டப் போலாம் வா."

"போடா. மாத்திரைய ஏன் நிறுத்தினேன்னு திட்டுவாங்க. நான்தான் வாராவாரம் குறைஞ்சிட்டு வர்றேன்ல? முப்பத்து நாலு கிலோடா! உள்ள எல்லாம் சரியாயிட்டு வருது. கால் மட்டும் கொஞ்சம் தாமதமாகுது."

"நிறுத்திட்டியா? எப்ப?"

"முதல் வாரமே" என்றாள், பெருமையாக. உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம்தான் தராசு மெக்கானிக் வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் தராசைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, முத்திரை குத்திவிட்டுப் போவார். வேலை செய்யும்போது தராசோடு பேசிக்கொண்டே இருப்பதால் அவருக்கு முணுமுணுப்பு என்று பெயர் வைத்திருந்தோம். மனிதர்களோடு அதிகம் பேச மாட்டார். மனிதர்களுக்கு ஜீரோ கிடையாது என்பார்.

டீ குடிக்கும்போது அட்டையை எடுத்துக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியாது, பெருமை அப்படி. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இடுப்பில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தார்.

"முப்பத்து நாலா?"

"பதினேழு வாரத்துல."

"ஆரம்பிக்கும்போது எவ்வளவு சார்?"

"எண்பத்தெட்டு. டாக்டரம்மா எழுதினது."

"அப்ப இப்ப ஐம்பத்து நாலு இருக்கணும். ஏறுங்க."

இப்போதுதான் முத்திரை குத்திய தராசு. ஏறினேன். தொண்ணூறு. அவர் முள்ளைப் பார்த்தார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க தராசுல ஏறுறதுக்கு முன்னாடி ஜீரோ பாத்தீங்களா சார்?"

இருபத்தாறு வருஷமாகப் பிறர் வீட்டுப் பொட்டலத்துக்கெல்லாம் ஜீரோ பார்த்தவன், என் உடம்பை ஏற்றும்போது பார்க்கவில்லை. ஒரு பட்டுத்துணியைக் கண்டதும் என் தொழில் எனக்கே மறந்துபோயிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஏற மாட்டேன் என்றாள். "இது பார்சல் தராசு. பார்சலுக்கு ஆசை நரம்பு இருக்கா? இதுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது." நான் கத்தினேன், கெஞ்சினேன். காலைப் பார் என்றேன். "ஞாயித்துக்கிழமை அவர்கிட்டயே காலைக் காட்டறேன்டா, போதுமா? அவர் சொன்னா டாக்டர்கிட்டப் போறேன்" என்று அழுதாள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு வர இரண்டு நாள் இருந்தது. வீக்கம் பக்கத்து விரல் வரைக்கும் வந்திருந்தது.

முணுமுணுப்பு கருவிப் பெட்டியை மூடினார். "அம்மா சொல்றதும் சரிதான் சார். நம்ம தராச அவங்க நம்ப வேணாம். அவங்க தராசையே கேட்டுடுவோம்." எங்கள் இருபது கிலோ எடைக்கல்லைக் காட்டினார். "இத எனக்கு ஞாயித்துக்கிழமைக்குக் கொடுங்க."

ஞாயிறு காலை. வரிசையில் நான், அக்கா, எங்களுக்கு முன்னால் காய்கறிப் பையோடு முணுமுணுப்பு. பைக்குள் கல். சுமை வாசல் வந்ததும் பையிலிருந்து அதை எடுத்துத் தராசில் வைத்தார்.

"யோவ், என்ன இது?" என்றாள் சுமை வாசல் அம்மா.

"இரும்பும்மா."

"இரும்ப எதுக்கு ஏத்தறீங்க?"

"இளைக்கறதுக்கு." அண்ணாந்து பேனரைக் காட்டினார். "போட்டிருக்கீங்களே."

அந்த அம்மா பேனரைப் பார்த்தாள். பின்னால் நின்ற நாற்பது பேரும் பேனரைப் பார்த்தார்கள். லாரி முதலாளிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "எழுதும்மா! இன்னைக்கு அற்புதம் பாக்கப்போறோம்!" என்று கத்தினார். எழுதும்மா, எழுதும்மா என்று வரிசை முழுக்கச் சத்தம். பக்தர்கள் கேட்டால் மறுக்க முடியுமா? துணியைத் தூக்கினாள். இருபத்தொன்று. சீட்டில் எழுதினாள். முணுமுணுப்பு சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. இருபது கிலோ என்று நெற்றியில் முத்திரை குத்திய கல் அது.

எடைக்கல் முதல் வரிசை நாற்காலியில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்றரை மணி நேரப் பேச்சையும் கேட்டது. அசையவில்லை, கொட்டாவி விடவில்லை. அன்றைய கூட்டத்தில் அதுபோல் கவனமாகக் கேட்டவர் யாரும் இல்லை. "உங்க மேல தப்பே இல்ல!" என்றபோது மட்டும் எனக்கு அதன் மேல் கண் போனது. உண்மையாகவே தப்பில்லாத ஆள் அந்த மண்டபத்தில் அது ஒன்றுதான்.

பிடரி அழுத்தும் நேரம் வந்தது. கல்லுக்குப் பிடரி எது? உறுதியார் ஒரு நொடி தயங்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சமாளித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு விரலால் அழுத்தினார். அக்கா இதுதான் சமயம் என்று செருப்பைக் கழற்றப் போனாள். "அம்மா, அப்புறம், அப்புறம்" என்று கடந்து போனார். அன்று அவருக்குக் காலைப் பார்க்க நேரமில்லை.

லேசு வாசல். முணுமுணுப்பு கல்லைத் தூக்கித் தராசில் வைத்தார். துணியைத் தூக்கினார்கள்.

பத்தொன்பது.

கைதட்டல் என்றால் கைதட்டல், கூரை பிய்ந்துவிடும்போல இருந்தது! லாரி முதலாளி துள்ளினார். ஒல்லி டீச்சர் அழுதாள். உறுதியாருக்கே ஆச்சரியம், ஆனால் அவர் தேர்ந்த வியாபாரி. இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களா! இரும்பே இளைச்சிடுச்சு! மனுசன் நீ இளைக்க மாட்டியா?" உருண்டை விற்கும் மேசையில் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது.

உறுதியாரின் குட்டை உடைக்கும் என்று நாங்கள் கொண்டுவந்த சோதனை அவருக்கே விளம்பரமாகிவிட்டது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாத்தியாடா என்று கேட்டது அந்தப் பார்வை.

முணுமுணுப்பு அவசரப்படவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றார். கல்லைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே நடந்து சுமை வாசல் தராசில் வைத்துத் துணியை அவரே தூக்கினார்.

"இருபத்தொண்ணு" என்று உரக்கப் படித்தார்.

திரும்ப நடந்து லேசு வாசலில் வைத்தார். "பத்தொம்பது." திரும்ப அங்கே. "இருபத்தொண்ணு." மூச்சு வாங்கியது. இருபது கிலோவைச் சுமந்து நடப்பது லேசா? மூன்றாவது தடவை கல்லைக் கீழே வைத்துவிட்டு உறுதியாரைக் கேட்டார்.

"ஐயா, இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடுவுல முப்பது அடி. அதுக்குள்ள இந்தக் கல்லு ரெண்டு கிலோ என்னத்தத் தின்னுச்சு?"

யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். உறுதியார் முகம் சிவந்தது. ஆனாலும் வாய் விடுமா?

"அது உன்னோட சந்தேகத்தின் எடை! நீ தொட்டதும் ஏறுது! நம்பிக்கை இல்லாதவன் கை பட்டா இரும்பும் கனக்கும்!"

நம்ப மாட்டீர்கள், அதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். லேசு வாசல் தராசுக்குப் போனாள். கல் கீழே இருந்தது. தராசு வெறுமையாக இருந்தது.

"எனக்குச் சந்தேகமே இல்லங்கய்யா" என்றாள். "பதினேழு வாரம் உங்கள நம்பினவ நான். நான் தொட்டா ஏறக் கூடாதுல்ல?"

பட்டுத்துணியைப் பிடித்து இழுத்தாள். துணி கையோடு வந்தது. வெறும் தராசு. யாரும் ஏறவில்லை, எதுவும் ஏறவில்லை. முள் ஜீரோவுக்கு ஒரு கிலோ கீழே போய் நின்றுகொண்டிருந்தது. அக்கா அங்கேயிருந்து சுமை வாசலுக்கு நடந்தாள். அந்த முப்பது அடிக்கும் கூட்டம் விலகி வழி விட்டது. அந்தத் துணியையும் இழுத்தாள். வெறும் தராசு ஒரு கிலோ மேலே காட்டியது.

"ஜீரோ பாக்கலியேடா நாம" என்றாள் என்னைப் பார்த்து. அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா? "என்னோட நாப்பத்தாறு கிலோ என்னய்யா ஆச்சு?" என்று லாரி முதலாளி உறுதியாரின் சட்டையைப் பிடித்தார். தொலைந்துபோன கொழுப்பைத் திருப்பிக் கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். "இருந்தாலும் மனசுக்கு லேசா இருந்துச்சே" என்று டீச்சர் விசும்பினாள். உருண்டை டப்பாக்கள் உருண்டன. அந்த அமளியில் உறுதியார் லேசு வாசல் வழியாக மறைந்துவிட்டார். எடை போட்டுப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை.

நான் எதையும் பார்க்கவில்லை. அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"மாத்திரை?"

"நிறுத்திட்டேன்மா."

"வேற என்ன சாப்பிட்டீங்க?"

அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா ஓர் உருண்டையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சர்க்கரையும் கொஞ்சம் ஏலக்காயும். "ஒரு நாளைக்கு எத்தனை?" "பத்து, பன்னெண்டு" என்று அக்கா சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். சுண்டு விரலோடு நின்றது. உறுதியாரிடம் போய் என் அக்கா உண்மையாகவே குறைத்த எடை அது ஒன்றுதான்.

அந்தப் பழைய காகிதம் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. காந்தம் மட்டும் புதுசு. பாதித் தட்டு, கால் தட்டு, கால் தட்டு. அக்கா வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள். "உனக்கு மட்டும் எப்படிக்கா இந்த உறுதி வந்துச்சு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உறுதியா? அது எந்தக் கடையில விக்குது? எனக்கு இன்னைக்கும் கிரீம் பன் ஆசைதான்டா. தினமும் ஆசைதான். ஆறு மாசத்த நினைச்சா பயமா இருக்கு. அதனால எதிர்ல இருக்கற தட்ட மட்டும் பாக்கறேன். நேத்து தப்பு பண்ணியிருந்தா நேத்தோட போச்சு. திங்கட்கிழமைக்கு யாரு காத்திருக்கறது?"

நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். புதன்கிழமை பன் தின்றால் புதன் ராத்திரியே காய்கறிக்குத் திரும்புகிறேன். எட்டு மாசத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறேன், ஜீரோ பார்த்த தராசில். யாரும் கைதட்டவில்லை. மனைவி மட்டும் ஊக்கை வாங்கிப் பெட்டியில் போட்டாள்.

போன வாரம் அந்தக் கட்டடத்தில் புது பேனர். "தூங்கிக்கொண்டே இளைக்கலாம்! அதிசயத் தலையணை!" வரிசை தெருமுனை திரும்பியிருந்தது. பாதி முகம் தெரிந்த முகம். லாரி முதலாளி மூன்றாவது ஆள்.

அக்கா நின்றுவிட்டாள். நேராக அவரிடம் போனாள்.

"என்னங்க, மறுபடியுமா?"

"அவன் திருடன்மா. இவர் அப்படி இல்ல. எதையாவது நம்பித்தானே ஆகணும்?"

அக்கா நடுத்தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை அவர் முன்னால் நீட்டினாள்.

"நானும் நம்பினேன். எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் எண்ணினார்கள். மூன்று பேர் வரிசையிலிருந்து விலகி, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். மீதிப் பேர் அய்யோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, காலியான இடத்துக்கு ஓர் அடி முன்னால் நகர்ந்தார்கள். இதைப் படிக்கும் பெருமக்களே, உங்கள் காலில் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் அடுத்த வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால் அதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜீரோவிலிருந்து ஆரம்பியுங்கள்.